விசில் டீச்சர் கணக்கு நடத்திய கதை

விசில் டீச்சருக்கும் கணக்குக்கும் சின்ன வயதிலிருந்தே ஏழாம் பொருத்தம். படித்த காலத்தில் கணக்குப் பீரியடு வந்தாலே அவளுக்கு வயிற்றுவலி வந்துவிடும். அடுத்த பீரியடு விளையாட்டு என்றால் அதே வயிறு தானாகச் சரியாகிவிடும். தடை தாண்டும் ஓட்டத்தில் நாலைந்து கோப்பைகளை வாங்கி, அந்தத் தெம்பிலேயே படிப்பை ஒப்பேற்றி, கன்னியாஸ்திரீகள் நடத்தும் அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராகச் சேர்ந்தபோது, 'அப்பாடா, இனி ஜென்மத்துக்கும் கணக்கு கிடையாது' என்று நிம்மதியாக மூச்சு விட்டாள்.

சின்னப் பள்ளிக்கூடம் என்றால் நிஜமாகவே சின்னது. எட்டு வகுப்புகள், ஒரு மாடி, ஒரு பக்கம் கோயில், நடுவில் மைதானம். ஆசிரியர் அறையில் ஒரே ஒரு நீள மேஜை. அதன் ஒரு ஓரத்தில் கணக்கு டீச்சரின் நோட்டுக் குவியல், மறு ஓரத்தில் இவளுடைய பந்துகளும் காற்றடிக்கும் பம்பும். அங்கே எல்லாருக்கும் இரண்டு வேலை. பாட்டு டீச்சர்தான் நூலகத்தைப் பார்த்துக்கொள்வாள். தலைமையாசிரியையான பெரிய சிஸ்டர் ஞானோபதேசமும் நடத்துவார், தண்ணீர் மோட்டாரையும் கழற்றி மாட்டுவார். பேர்தான் பெரிய சிஸ்டர். ஆள் விசில் டீச்சரின் தோளுக்குக் கீழேதான் நிற்பார்.

இப்படி நாட்கள் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தன. அப்போதுதான் கணக்கு டீச்சருக்கு, டாக்டர் சொன்ன தேதிக்கு முன்பே பிள்ளை பிறந்துவிட்டது. அவளுக்குப் பதிலாக வருவதாக இருந்த பெண்ணுக்கோ வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டது. பெரிய சிஸ்டர் விசில் டீச்சரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"டீச்சர், ஏழாம் வகுப்புக் கணக்கை நீங்க எடுத்துக்கங்க."

நோட்டுகளைத்தான் சொல்கிறார் என்று இவள் நினைத்துக்கொண்டாள். "எங்க கொண்டு போய் வைக்கணும் சிஸ்டர்?"

"வைக்கறதுக்கு இல்ல. நடத்தறதுக்கு."

"சிஸ்டர், எனக்குக் கணக்கு சுத்தமா வராதே!"

"எனக்குந்தான் மோட்டார் வேலை வராது. நேத்து தண்ணி வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு சிஸ்டர்."

"அப்புறம் என்ன? போங்க, மாதா பார்த்துக்குவாங்க."

மறுநாள் வகுப்புக்குள் நுழைந்த விசில் டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பழக்கதோஷத்தில் விசிலை ஊதிவிட்டாள். பிள்ளைகளும் பழக்கதோஷத்தில் எழுந்து, நின்ற இடத்திலேயே குதிக்க ஆரம்பித்தார்கள். அவர்களை உட்கார வைத்து, கரும்பலகையில் ஏழிலிருந்து பன்னிரண்டைக் கழித்து, ஐந்து என்று எழுதினாள். முதல் பெஞ்சில் இருந்த கண்ணாடிக்காரி கையைத் தூக்கினாள்.

"டீச்சர், அஞ்சுக்கு முன்னாடி ஒரு மைனஸ் வரணும்."

"ஏன்?"

"வரணும் டீச்சர்."

நல்லவேளையாக அந்த நேரம் பார்த்துக் கோயில் மணி அடித்தது. நண்பகல் மூவேளை செபத்துக்கு எல்லாரும் எழுந்து நின்றார்கள். டீச்சர் சாக்பீஸும் கையுமாகக் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அவள் செபித்ததுபோல் அதற்கு முன் செபித்ததே இல்லை.

கண்ணைத் திறந்ததும் அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். "இங்க பாருங்க, எனக்கும் இது புதுசுதான். நான் தினமும் வீட்ல படிச்சிட்டு வரேன், நீங்களும் படிச்சிட்டு வாங்க. நான் தப்பா எழுதினா யார் வேணும்னாலும் கை தூக்கலாம். திட்ட மாட்டேன்."

பிள்ளைகளுக்கு வாயெல்லாம் பல். டீச்சரின் தப்பைப் பிடிப்பதைவிட வேறென்ன விளையாட்டு வேண்டும்? அதற்காகவே, புத்தகத்தைத் தொடாத பயல்கள்கூட முந்தின நாளே பாடத்தைப் புரட்டிவிட்டு வந்தார்கள்.

வீட்டில் அவளுக்கு ஒரே ஒரு மாணவர், கணவர். அவருக்கு ரொட்டிக்கடையில் வேலை. விடிவதற்கு முன்பே அடுப்படிக்குப் போய், மத்தியானம் மாவு வாசனையோடு திரும்பி, சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்துக்கெல்லாம் தூக்கத்தில் சாமியாட ஆரம்பித்துவிடுவார். அவரை நாற்காலியில் உட்கார வைத்து, சமையலறைக் கதவில் சாக்பீஸால் எழுதிப் பாடம் நடத்துவாள்.

"நீங்க தூங்கினா பாடம் சரியில்லைன்னு அர்த்தம். முழிச்சிருந்தா நாளைக்கு வகுப்புல அதையே நடத்துவேன்."

"நான் எந்தப் பாடத்துக்கும் தூங்குவேனேம்மா."

முதல் வாரம் தூங்கினார். இரண்டாம் வாரம் பாதி தூங்கினார். ஒருநாள், மைனஸை மைனஸால் பெருக்கினால் ப்ளஸ் என்று அவள் கதவில் எழுதியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இரு இரு. அது எப்படி? ஒரு தட்டு ரொட்டி கருகிப்போச்சு. ரெண்டாவது தட்டும் கருகிப்போச்சு. ரெண்டும் சேர்ந்தா நல்ல ரொட்டி ஆயிடுமா? முதலாளி என்னைச் சும்மா விடுவாரா?"

அவள் உடனே கணக்கு டீச்சருக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"அது விதி அக்கா. மனப்பாடம் பண்ணச் சொல்லிடுங்க... ஐயோ, என் மேலயே போயிட்டான், வச்சிடறேன்!"

விதி என்று சொன்னால் கண்ணாடிக்காரி விடுவாளா? டீச்சருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலையில் மூன்றாம் வகுப்பு வாண்டுகளுக்கு டிரில் நடத்தும்போதும் நினைப்பெல்லாம் அதிலேயே இருந்தது.

"அபௌட் டர்ன்!" வாண்டுகள் தட்டுத்தடுமாறி முதுகைக் காட்டி நின்றன. "அபௌட் டர்ன்!" திரும்பவும் இவள் முகத்தைப் பார்த்து நின்றன.

டீச்சர் அப்படியே சிலையாகிவிட்டாள். இரண்டு தரம் திரும்பினால் பழைய திசைதானே! மைனஸ் என்பது திரும்பு என்று சொல்வதுதானே!

அன்றைக்கு ஏழாம் வகுப்பின் கணக்குப் பீரியடு மைதானத்தில் நடந்தது. சுண்ணாம்புப் பொடியால் நீளமாக ஒரு கோடு, நடுவில் பூஜ்யம், கோயில் பக்கம் ப்ளஸ், கேட் பக்கம் மைனஸ். பூஜ்யத்தில் கோயிலைப் பார்த்து நிற்க வேண்டும். கணக்கில் எத்தனை மைனஸ் வருகிறதோ அத்தனை தரம் திரும்ப வேண்டும். பிறகு எண்களைப் பெருக்கி அத்தனை எட்டு நடக்க வேண்டும்.

"மைனஸ் ரெண்டு, பெருக்கல் மைனஸ் மூணு!"

கண்ணாடிக்காரி திரும்பினாள், மறுபடி திரும்பினாள், ஆறு எட்டு நடந்தாள். கோயில் பக்கம் போய் நின்றவள், "அட!" என்றாள். அவ்வளவுதான். அதன்பிறகு பிள்ளைகளைக் கையில் பிடிக்க முடியவில்லை. "மூணு மைனஸ் இருந்தா டீச்சர்? நாலு இருந்தா?" என்று அவர்களாகவே கேட்டு, அவர்களாகவே சுற்றி, தலை கிறுகிறுத்து விழுந்து எழுந்து விடை சொன்னார்கள்.

அந்த வழியாகக் கோயிலுக்குப் போன பங்குச் சாமியார் நின்றார். "என்னம்மா, விளையாட்டு விழா ஒத்திகையா?"

"இல்ல ஃபாதர், கணக்கு."

விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். பிறகு அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பூஜ்யத்தில் வந்து நின்றார். "எனக்கும் ஒண்ணு குடுங்க. படிக்கிற காலத்துலயே எனக்கு இது பிடிபடல."

டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அந்தச் சந்தோஷம் மாதத் தேர்வு வரைக்கும்தான். திருத்த உட்கார்ந்தவளுக்குப் பேயறைந்தது போலாயிற்று. மைனஸ் இரண்டோடு மைனஸ் மூன்றைக் கூட்டச் சொன்னால், வகுப்பில் பாதிக்கு மேல் ப்ளஸ் ஐந்து என்று எழுதியிருந்தார்கள். இரண்டு மைனஸைப் பார்த்ததும் இரண்டு தரம் திரும்பித் தொலைத்திருக்கிறார்கள்!

கண்ணில் நீர் முட்ட மறுபடியும் போன் போட்டாள். "நான் பிள்ளைங்களைக் கெடுத்துட்டேன்மா. தெரியாத வேலைல தலையிட்டிருக்கவே கூடாது."

கணக்கு டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்கா, இந்தத் தப்பை என் பிள்ளைங்க வருஷா வருஷம் பண்ணுதுங்க. நான் நடத்தினாலும் பண்ணுவாங்க, பெரிய சிஸ்டர் நடத்தினாலும் பண்ணுவாங்க. இதுக்காக நீங்க அழறீங்க பாருங்க, இப்பதான் நீங்க நிஜமாவே கணக்கு டீச்சர்."

போனை வைத்தபோது கணவர் நாற்காலியில் விழித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் டீச்சருக்குப் பொறி தட்டியது. இந்த மனுஷன் அன்றைக்குக் கேட்டது பெருக்கலே இல்லை, கூட்டல்!

"ஏங்க, நீங்க சொன்னது சரிதான். கருகினதும் கருகினதும் சேர்ந்தா இன்னும் அதிகமாத்தான் கருகும்."

"நான் அப்பவே சொன்னேன்ல," என்றார் அவர், விஷயம் புரியாமலே.

மறுநாள் அந்த ரொட்டித் தட்டுகளை வகுப்பில் எடுத்துவிட்டாள். பிள்ளைகள் சிரித்துச் சிரித்துக் கூட்டல் வேறு, பெருக்கல் வேறு என்று பிரித்துக்கொண்டார்கள். எல்லாரும் இல்லை. கடைசி பெஞ்சில் இரண்டு பேர் வருஷக் கடைசி வரைக்கும் திரும்பிக்கொண்டேதான் இருந்தார்கள். ஆனால் பரீட்சையில் அவர்களும் தேறிவிட்டார்கள், மயிரிழையில்.

புது வருஷம் கணக்கு டீச்சர் திரும்பி வந்தாள். நோட்டுக் குவியல் மேஜையின் பழைய ஓரத்துக்குப் போயிற்று. விசில் டீச்சருக்கு மட்டும் எதையோ வைத்த இடம் தெரியாமல் தேடுவது போலிருந்தது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் பெரிய சிஸ்டரின் அறை வாசலில் போய் நின்றாள்.

"சிஸ்டர், ஆறாம் வகுப்புக் கணக்கு யாருக்கு?"

"ஏன் டீச்சர், யாராவது வேணாம்னு சொன்னாங்களா?"

"இல்ல சிஸ்டர். எனக்கு வேணும்."

பெரிய சிஸ்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கால அட்டவணையை மேஜைமேல் விரித்து, அழிரப்பரைத் தேட ஆரம்பித்தார்.

இப்போது காலையில் மைதானம், மத்தியானம் ஆறாம் வகுப்பு. போன வாரம் வட்டம் தொடங்கியிருக்கிறாள். பழைய டெஸ்க்குகளின் வழவழப்பில் கவராயத்தின் முள் நிற்க மாட்டேன் என்கிறது. வகுப்பு முழுக்க முட்டையும் உருளைக்கிழங்குமாக வரைந்து தள்ளுகிறது. டீச்சரின் வட்டமும் அப்படியொன்றும் ஒழுங்கில்லை. "பரவாயில்ல, அழிச்சிட்டு இன்னொண்ணு போடுங்க, நானும் போடறேன்," என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்புகிறாள்.