ஐந்து முதல் இதழ்கள்

2024 ஜூலை 14, ஞாயிறு, மாலை நான்கு மணி. எங்கள் ஊரான கிளாவரையிலிருந்து வந்த பேருந்து என்னைக் கொடைக்கானலில் இறக்கிவிட்ட நேரம் அது. ஊரில் இரண்டு நாள் களை பறித்திருந்தேன். நகக்கண்ணில் இன்னும் மண். விடுதிக்குப் போய்ப் படுக்கவே உடம்பு கேட்டது. ஆனால் மறுநாள் காலை பேராசிரியருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

முதுகலை இறுதியாண்டு ஆய்வுத் தலைப்புகளை எங்கள் துறையில் சீட்டுக் குலுக்கித்தான் தருவார்கள். எனக்கு வந்த சீட்டில் ‘சூப்பர் ஹீரோ காமிக்ஸ்’ என்றிருந்தது. அதுவரை ஒன்றைக்கூட நான் படித்ததில்லை. திங்கட்கிழமை ஒரு தொடரைத் தேர்ந்து சொல்ல வேண்டும். இல்லையென்றால், குலுக்கலில் மிஞ்சிப்போன இலக்கணத் தலைப்போடு ஓராண்டு கழிக்க வேண்டும்.

ஏரிக்கு இறங்கும் சரிவில் ஒரு பழைய புத்தகக் கடை இருக்கிறது. படிப்பு முடிந்து ஊர் திரும்பும் விடுதிப் பிள்ளைகள் விட்டுச் செல்பவற்றைக் கடைக்கார அக்கா சணல் போட்டுக் கட்டி, கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருப்பார்.

“இந்தக் காமிக்ஸ் கட்டைக் கொஞ்சம் பிரிச்சுப் பாக்கலாமாக்கா?”

“பிரிச்சா நான்தானே பாப்பா திருப்பிக் கட்டணும்? எது வேணும்னு சொல்லுங்க, உருவித் தாரேன். வெரசா சொல்லுங்க, மழ வருது.”

எதையும் அதன் தொடக்கத்திலிருந்து படிப்பதே முறை என்று பழகியவள் நான். அட்டையில் எண் ஒன்று என்றிருப்பவை மட்டும் போதும் என்றேன். ஐந்து கிடைத்தன. ஐந்திலும் அதே சாம்பல் உடை அணிந்த நாயகி. ஒருத்திக்கு எப்படி ஐந்து முதல் இதழ்கள் என்று யோசிக்கும் தெம்பு எனக்கில்லை.

“எல்லாமே ஒண்ணாம் நம்பரா? ஜோசியரு சொல்லிவிட்டாரா?” என்று சிரித்தபடி அக்கா அவற்றைச் சணலால் கட்டித் தந்தார்.

அறையில் ஒவ்வொன்றாகப் படித்தேன். முதல் இதழில் நாயகியின் பெற்றோர் இறந்தார்கள், அவள் முகமூடி அணிந்தாள், தொடரும். இரண்டாவதில் அதே பெற்றோர் வேறொரு விதமாக இறந்தார்கள், தொடரும். மூன்றாவதிலும் அவர்கள் பிழைக்கவில்லை. நான்காவதைத் திறக்க எனக்குக் கை வரவில்லை.

அய்யம்பாளையத்திலிருந்து வந்து விலங்கியல் படிக்கும் என் அறைத்தோழி இதையெல்லாம் கைபேசியிலேயே படிப்பவள். விற்பனை குறையும்போதெல்லாம் பதிப்பகம் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும் என்று அவள்தான் சொன்னாள்.

“ஏண்டி, அஞ்சு பந்தியிலயும் உக்காந்து, உப்பும் ஊறுகாயும் வச்சதுமே எந்திரிச்சு வந்திருக்கியே! இதுக்குத்தான் எம்.ஏ. படிக்கிறியா?”

“அப்ப எங்கருந்துதான் ஆரம்பிக்கிறது?”

“எங்கருந்து வேணா ஆரம்பி. எனக்குச் சோலி கெடக்கு.”

இலக்கணத் தலைப்பை ஏற்றுக்கொள்வதென்று முடிவு செய்து, இதழ்களை அள்ளி ஒதுக்கினேன். அடியில் அட்டையில்லாத ஆறாவது ஒன்று இருந்தது. சணல் மற்றவற்றை அறுக்காதிருக்க அந்த அக்கா அடியில் வைத்துக் கட்டியது போலும். அதன் எண் தெரியவில்லை. ஆனால் அதே நாயகிதான்.

அதில் யாரும் சாகவில்லை. எங்கிருந்தோ வீடு திரும்பியவள், அடுப்பில் எதையோ வைத்துவிட்டு, கிழிந்த முழங்கைத் துணியைத் தைக்கிறாள். ஊசி அவள் விரலில் குத்தி, அவளுக்கு ஒன்றும் ஆகாமல், தான் வளைகிறது. இன்னோர் ஊசி எடுக்கிறாள். அதுவும் வளைகிறது. உணவு தீய்வதுகூடத் தெரியாமல் மேசைமேல் தலைசாய்த்து உறங்கிப்போகிறாள். இரண்டு பக்கங்களுக்கு ஒரு சொல்கூட இல்லை. அவளுடைய எதிரி யார், அன்று எவரைக் காப்பாற்றினாள், எதுவும் எனக்குத் தெரியாது. ஆயினும் அந்தப் பெண்ணை எனக்குப் புரிந்தது. மேலே என்ன ஆகிறதென்று பார்க்கப் பக்கத்தைத் திருப்பினேன். அன்று மாலை நானாக விரும்பித் திருப்பிய முதல் பக்கம் அதுவே.

மறுநாள் காலை துறைக்குச் சென்று, தொடரின் பெயரைச் சொன்னேன். “எந்த இதழிலிருந்து?” என்று பேராசிரியர் கேட்டார். நடுவிலிருந்து என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, தொடரின் பெயரைக் குறித்துக்கொண்டார். பிறகு வகுப்பின் கடைசி வரிசைக்குப் போய், முதல் பாடவேளை முழுவதும் தூங்கினேன்.