கொள்ளு காயும் சாலையில் வெளிநாட்டு விருந்தினர்

அந்த வருடம் மானாவாரியில் எங்களுக்குத் தேறியது கொள்ளு மட்டும்தான். மக்காச்சோளத்தைப் புழு தின்றுவிட்டது. உளுந்து பூவோடு நின்றுபோனது. கரியாலூருக்கு மலையேறும் சாலையை ஒட்டி எங்களுக்கு ஒரு கொல்லை இருக்கிறது. அதில் போட்ட கொள்ளு மட்டும், யாரும் கவனிக்காமலே காய்த்திருந்தது. தை மாதத்தில் நானும் மனைவியும் செடியைப் பிடுங்கிச் சாலையோரமாகக் குவித்தோம். அடித்து மூட்டை கட்டிவிட்டால் இரண்டு மாடுகளுக்கும் கோடை முழுக்கத் தீனி இருக்கும். அடிப்பதற்குள் நனைந்தால் நெற்றுக்குள்ளேயே முளைத்துவிடும். வானம் அந்த வாரம் முழுக்க மூட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

அதே வாரத்தில்தான் வெளிநாட்டு விருந்தினர் வருவதாகச் சொன்னார்கள்.

ஏதோ ஒரு நாட்டின் அதிபர் டெல்லிக்கு வந்திருந்தார். நம்மோடு நட்பையும் வியாபாரத்தையும் பெருக்கிக்கொள்ள வந்ததாக டீக்கடைப் பேப்பரில் போட்டிருந்தது. ஐந்தாவதோடு நின்றவன் நான், மெதுவாகத்தான் படிப்பேன். பாதியிலேயே ஒருவர் பேப்பரை வாங்கிக்கொண்டார். மீதியை மனைவியின் தம்பி வந்து சொன்னான். பேப்பரில் இல்லாததையும் சேர்த்துச் சொல்பவன் அவன்.

"அதிபரு டெல்லியோட நின்னுக்குவாரு மாமா. கூட வந்த வியாபார மந்திரிதான் நம்ம மலைக்கு வராங்க. பொம்பள மந்திரி. சாமை, கடுக்கா, தேனு எல்லாத்தையும் பாத்துட்டு, புடிச்சிருந்தா கப்பல்ல ஏத்திக்கினு போவாங்களாம்."

"கொள்ளு ஏத்துவாங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"அவங்க ஊருல குதிர இருக்குதான்னு விசாரிக்கணும்கா."

எங்கள் பக்கத்தில் கொள்ளை யாரும் தடியால் அடிப்பதில்லை. வெயில் ஏறியதும் தார்ச்சாலையில் அகலமாக விரித்துவிடுவோம். பஸ்ஸும் கரும்பு டிராக்டரும் அதன்மேல் ஏறி ஏறிப் போகும். கவைக்கோலால் புரட்டிப் புரட்டிப் போட்டால் சாயங்காலத்துக்குள் நெற்று உடைந்து கொள்ளு உதிர்ந்துவிடும். தூற்றி அள்ள வேண்டியதுதான் பாக்கி. டிரைவர்கள் திட்டிக்கொண்டே ஏற்றுவார்கள், ஆனாலும் ஏற்றுவார்கள். சாலை வேண்டாம் என்றால் ஊர்ச் சிமெண்டுக் களம் இருக்கிறது. அதில் விருந்தினரை வரவேற்கப் பந்தல் போட்டுவிட்டார்கள்.

புதன்கிழமை நாங்கள் விரித்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு பெண் போலீஸ் வந்தாள். சின்ன வயது. வெயிலில் முகம் கறுத்துப்போயிருந்தது.

"அண்ணே, இத்த எடுத்துடுங்கண்ணே. மேலேர்ந்து ஆர்டரு."

நான் சரி என்றேன். யூனிஃபார்ம் போட்டவர்களிடம் எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் வரும். மனைவிதான் பேசினாள்.

"ஏம்மா, அவங்க எப்ப வராங்க?"

"இன்னிக்கே வரலாம்மா, நாளிக்கு வரலாம். எனுக்கு இன்னா தெரியும்? என்னைய நிக்கச் சொன்னாங்க, நிக்கிறேன்."

எடுத்தோம். வியாழக்கிழமை மறுபடியும் விரித்தோம், மறுபடியும் எடுக்கச் சொன்னாள். காய்ந்த செடியை அள்ளிக் குவிப்பதும் விரிப்பதும் லேசான வேலை இல்லை. செடியின் சுணை பட்டு உடம்பெல்லாம் அரிக்கும். ஒவ்வொரு தடவை அள்ளும்போதும் கொஞ்சம் நெற்று உடைந்து மண்ணில் போகும். ராத்திரி என்னால் கையைத் தலைக்குமேல் தூக்க முடியவில்லை. மனைவி எண்ணெய் சூடாக்கித் தேய்த்துவிட்டாள். அவளுக்குத் தேய்த்துவிட எனக்குத் தெம்பில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் சத்தம் கேட்டது. சைரன் வைத்த ஜீப் முன்னால் வர, பின்னால் வரிசையாகக் கார்கள் வேகமாக மலையேறின. எல்லாம் கறுப்புக் கண்ணாடி. மத்தியானத்துக்குள் அதே கார்கள் இறங்கிப் போய்விட்டன. டீக்கடையிலிருந்து மச்சான் ஓடிவந்தான்.

"முடிஞ்சிது மாமா. வந்துட்டுப் போயிட்டாங்க. விரிங்க."

"பந்தலாண்ட நிக்கவே இல்லியேடா. மால கூடப் போடல," என்றாள் மனைவி.

"பெரிய மனுசங்களுக்கு அங்கல்லாம் நிக்க நேரம் ஏதுக்கா? மேலயே போட்டிருப்பாங்க."

பெண் போலீஸ் சாப்பிடப் போயிருந்தாள். கேட்க வேறு ஆள் இல்லை. நாங்கள் மூவரும் குவியல் முழுவதையும் பிரித்துச் சாலையை அடைத்து விரித்தோம். அன்றைக்கு வெயிலும் சுள்ளென்று அடித்தது. இரண்டு பஸ் ஏறியது. டிராக்டர்கள் ஏறின. நெற்று படபடவென்று வெடிக்கிற சத்தம் கேட்டபோது, மூன்று நாளில் முதல் தடவையாக உட்கார்ந்தேன். முதலில் உதிர்ந்த கொள்ளைக் கூட்டி ஓரத்தில் குவித்துவைத்தோம். செடியைப் புரட்டிப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கும்போது மறுபடியும் சைரன் கேட்டது.

காலையில் போனது ஒத்திகை என்று எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

பெண் போலீஸ் கை கழுவின ஈரத்தோடு ஓடிவந்தாள். "ஐயோ அண்ணே, இன்னாண்ணே பண்ணி வெச்சிருக்கீங்க!" என்று கத்தினாள். ஜீப் வந்து நின்றுவிட்டது. பின்னால் கார்களும் நின்றன. முதல் காரிலிருந்து இறங்கிய அதிகாரி என்னைப் பார்த்த பார்வையில், தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள் இரண்டாவது காரின் கதவு திறந்தது. பெருத்த உடம்போடு, மஞ்சளும் பச்சையுமாகப் பூப்போட்ட அங்கி உடுத்தி, அதே துணியில் தலைக்கட்டும் கட்டிய அம்மா ஒருவர் இறங்கினார். கூடவே இரண்டு மொழியும் தெரிந்த ஒரு பையனும் இறங்கினான்.

அந்த அம்மா குனிந்து ஒரு நெற்றை எடுத்து நசுக்கிப் பார்த்தார். ஏதோ கேட்டார்.

"இது என்ன பயிருன்னு கேக்குறாங்க," என்றான் பையன்.

"கொள்ளுங்க," என்றேன். அது எனக்கே கேட்கவில்லை.

அதற்குள் கேமராக்காரர்கள் வந்துவிட்டார்கள். அதிகாரியின் முகம் மாறியது. என் தோளைப் பிடித்து அந்த அம்மாவின் பக்கத்தில் நிறுத்தினார். சிரிக்கச் சொன்னார்கள். நான் துண்டை இடுப்பிலிருந்து எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் மேற்கே மலையிலிருந்து மழை வாசனை வந்தது. எங்கள் பக்கத்தில் மலை மறைந்தால் மழை வந்துவிட்டது என்று அர்த்தம். மலை பாதி மறைந்திருந்தது.

"நீங்க இவங்க நாட்டுக்கு எதை விக்க விரும்புறீங்கன்னு கேக்குறாங்க."

மந்திரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல முகம். நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். மழை வருது, என்னை விடுங்க என்பதுதான் என் வாயில் இருந்த ஒரே பேச்சு. அது வெளியே வரவில்லை. அதிகாரி, "சொல்லுப்பா, சும்மா சொல்லு," என்றார். ஒரு துளி என் கைமேல் விழுந்தது.

"இன்னாத்த நிக்கிறீங்க!"

மனைவி தார்ப்பாயை இழுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தாள். ஒரு முனையை என்மேல் எறிந்தாள். மச்சான் கவைக்கோலால் செடியைக் குவியல் பக்கம் தள்ளத் தொடங்கினான். தார்ப்பாயின் இன்னொரு முனை காற்றில் அடித்து மந்திரியின் காலடியில் விழுந்தது.

"எம்மா, அத்த கெட்டியா புடி. பறந்துடப் போவுது," என்றாள் மனைவி.

மொழிபெயர்க்கிற பையன் திகைத்து நின்றான். அந்த அம்மாவுக்கு அவன் தேவைப்படவில்லை. குனிந்து முனையைப் பிடித்துக்கொண்டு, உதிர்ந்த கொள்ளின்மேல் எங்களோடு சேர்ந்து இழுத்தார். அதிகாரி பதறிப்போய் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அதனால் அவரும் கொஞ்சதூரம் இழுக்க வேண்டியதாயிற்று. பிறகு யாரோ குடை விரித்தார்கள், கதவுகளைச் சாத்தினார்கள். போலீஸ்காரர்கள் மிச்சச் செடியைக் காலால் சாலையோரப் பள்ளத்தில் தள்ளி வழி செய்தார்கள். கார்கள் மலையேறின.

பள்ளத்தில் போனது போனதுதான். அது பாதிக்குக் குறையாது. தார்ப்பாய்க்குள் இருந்ததுதான் எங்களுக்கு. காற்று அதையும் தூக்கப் பார்த்தது. பக்கத்தில் கல்லும் இல்லை. நான் ஒரு முனையில் ஏறி உட்கார்ந்தேன், மனைவி எதிர்முனையில் உட்கார்ந்தாள். மழை எங்கள்மேல் பெய்தது. மச்சான் டீ வாங்கிவருகிறேன் என்று போனவன் திரும்பவில்லை.

சாயங்காலம் கார்கள் இறங்கும் சத்தம் கேட்டது. பெண் போலீஸ் நனைந்துகொண்டே வந்தாள்.

"அண்ணே, கொஞ்சம் எழுந்து ஓரமா நில்லுங்கண்ணே. இந்த ஒரு தபா."

நான் சரி என்று சொல்லவில்லை. எதிர்த்துப் பேசவும் இல்லை. துணிச்சல் எல்லாம் ஒன்றும் கிடையாது. எழுந்தால் தார்ப்பாய் போய்விடும், போனால் மறுபடி பிடிக்கிற தெம்பு உடம்பில் இல்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள், மனைவியைப் பார்த்தாள். பிறகு எங்களுக்கு முன்னால் போய் நின்று, வருகிற ஜீப்பை மறுபக்கமாகப் போகச் சொல்லிக் கை காட்டினாள். கார்கள் ஒவ்வொன்றாக ஒதுங்கி மெதுவாகப் போயின. கறுப்புக் கண்ணாடிக்குள் யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்று தெரியவில்லை.

கடைசிக் காரும் போன பிறகு மழை விட்டது. மனைவி தார்ப்பாயைத் தூக்கிக் கையை உள்ளே விட்டு அள்ளிப் பார்த்தாள்.

"காஞ்சிதான் கீது," என்றாள். "தூத்திடலாமா? காத்து நல்லா வருது."

"நாளிக்குப் பாத்துக்கலாம்," என்றேன். அவளும் சரி என்று அங்கேயே உட்கார்ந்தாள்.