இரண்டு பக்கம், ஒரு கோணம்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். பிரேமலதா இரண்டு தரம் அளந்துவிட்டுத்தான் போடுவாள். ஆந்திராவில் ஏர்பேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் அங்கன்வாடியில் அவள் பன்னிரண்டு வருடம் உதவியாளராக இருந்தவள். எடை பார்க்கும் நாளில் ஒவ்வொரு குழந்தையையும் இறக்கிவிட்டு மறுபடி தராசில் ஏற்றுவாள். தராசு பொய் சொல்லும் என்பாள். மனிதர்கள் பேச்சையும் அவள் அப்படித்தான் எடுத்துக்கொள்வாள். பக்கத்து வீட்டுக்காரியான நான் கொடுக்கும் மோரைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள்.

போன வருடம் ஊர்க்கோடி அங்கன்வாடி மையத்து டீச்சர் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு உதவியாளர்களில் ஒருவரை எடுப்பதாகச் சொன்னார்கள், ஆனால் பத்தாவது தேறியிருக்க வேண்டும். போட்டியில் இருந்தது இரண்டே பேர். ஒருத்தி பிரேமலதா, இன்னொருத்தி அடுத்த தெரு மையத்தில் வேலை செய்யும் சென்னம்மா. இருவருக்குமே தபால் வழிப் படிப்பில் கணக்குப் பரீட்சை மட்டும்தான் பாக்கி. இரண்டு பேரும் தேறினால் மார்க் அதிகம் வாங்கியவருக்கு வேலை.

பிரேமலதாவுக்குச் சம்பளத்தைவிடப் பெயர் பெரிதாக இருந்தது. பன்னிரண்டு வருடமாக ஊர் அவளை, "லதா, தண்ணி கொண்டா, லதா, பெருக்கு" என்றுதான் கூப்பிட்டது. ஒரு நாளாவது டீச்சர் என்று கூப்பிட மாட்டார்களா என்று அவள் ஏங்கினாள். அதை என்னிடம் அவள் மறைத்ததும் இல்லை.

அவளைக் கவிழ்த்தது முக்கோணம். இரண்டு முக்கோணங்கள் சர்வசமம் என்று நிரூபிக்கச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். பார்த்தாலே தெரிகிறதே, இதில் நிரூபிக்க என்ன இருக்கிறது என்பாள். அந்த ஒரு பாடத்தால் இரண்டு தரம் பெயில் ஆனாள். ஊரில் கேட்டுப் படிக்க ஆள் யார்? பள்ளியில் ஒன்பதாவது வரை போன சென்னம்மாதான். வெட்கத்தை விட்டுப் போட்டிக்காரியின் வாசலிலேயே போய் நின்றாள். சென்னம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாயில் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள்.

ஒரு மாதம், குழந்தைகள் வீட்டுக்குப் போன பிறகு தினமும் படித்தார்கள். தெலுங்குப் புத்தகத்தை சென்னம்மா வாசித்துத் தமிழில் சொல்வாள். ஒரு கணக்கு நிச்சயம் வரும் என்றாள். இரண்டு பக்கம் சமமான ஒரு முக்கோணம். உச்சியிலிருந்து அடிக்கோட்டின் நடுவுக்கு ஒரு கோடு. அது பிரிக்கும் இரண்டு துண்டும் சர்வசமம் என்று காட்ட வேண்டும். சென்னம்மாவின் வழி சுருக்கமானது. சாய்ந்த பக்கங்கள் சமம், நடுக்கோடு இரண்டுக்கும் பொது, அடியில் உள்ள கோணங்கள் சமம். கணக்கு முடிந்தது.

"ரெண்டு பக்கம், ஒரு கோணம். கோணம் எங்க இருந்தா இன்னா?" என்பாள்.

பிரேமலதா அதை மனப்பாடம் செய்தாள். ஆனால் நிறுத்துப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. பரீட்சைக்கு முதல் நாள் மதியம், பிள்ளைகள் முட்டையும் சோறும் தின்றுவிட்டுத் தூங்கிய நேரத்தில், விளக்குமாற்றிலிருந்து மூன்று குச்சிகளை உருவினாள். ஒன்றைத் தரையில் படுக்க வைத்தாள். அதன் ஓரத்தில் இன்னொன்றைச் சாய்த்து வைத்தாள். சாய்ந்த குச்சியின் நுனியில் மூன்றாவதைப் பிடித்து ஆட்டினாள். அது அடிக்குச்சியை ஒரு இடத்தில் தொட்டது. இன்னும் கொஞ்சம் ஆட்டினால் வேறொரு இடத்திலும் தொட்டது. அதே இரண்டு குச்சி, அதே கோணம், ஆனால் ஒரு முக்கோணம் ஒல்லி, ஒரு முக்கோணம் குண்டு.

புத்தகத்தை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். கோணம் அந்த இரண்டு பக்கங்களுக்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று தெளிவாகவே போட்டிருந்தது. நடுக்கோட்டை விட்டுவிட்டு, பாதி அடிக்கோட்டை எடுத்திருந்தால் கணக்குச் சரி.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சென்னம்மா வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள் என்று பிரேமலதா அந்த நிமிடமே முடிவு கட்டிவிட்டாள். ஒரு மாதம் பாயில் இடம் கொடுத்தது இதற்குத்தானா என்று குமுறினாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் திருப்பதிக்குப் போனார்கள். ரேணிகுண்டா தாண்டும் வரை பிரேமலதா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். சென்னம்மா நோட்டை மடியில் வைத்து முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். திடீரென்று நிறுத்தி, பிரேமலதாவின் கையைப் பிடித்தாள்.

"லதா, அந்த முக்கோணக் கணக்கு எனுக்கு என்னுமோ சந்தேகமாவே கீது. நான் சொல்லிக்கினே வரேன், தப்பா இருந்தா சொல்லு."

மூன்று வரியையும் சொன்னாள். பிடித்த கை சில்லென்று இருந்தது. தப்பைத் தான் கண்டுபிடித்துவிட்டோமா என்று வேவு பார்க்கிறாள் என்று பிரேமலதா நினைத்தாள். அப்படி நினைப்பது அவளுக்குச் சௌகரியமாகவும் இருந்தது என்பது என் எண்ணம்.

"கரெக்டுதாங்க்கா," என்றாள்.

பரீட்சையில் அதே கணக்கு வந்தது, நாலு மார்க்குக்கு. பிரேமலதா பேனாவை மூடி ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தாள். மூன்று வரிசை தள்ளி சென்னம்மா குனிந்து வேகமாக எழுதிக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன் என்று பிரேமலதா பிற்பாடு சொன்னாள். பிறகு பாதி அடிக்கோட்டை வைத்துத் தன் வழியில் எழுதினாள்.

தேற முப்பத்தைந்து வேண்டும். பிரேமலதாவுக்கு முப்பத்தெட்டு. சென்னம்மாவுக்கு முப்பத்திரண்டு. அந்த நாலு மார்க் கிடைத்திருந்தால் அவளும் தேறியிருப்பாள்.

அந்த எண்ணைப் பார்த்ததும் பிரேமலதாவுக்குப் புரிந்துவிட்டது. ஏமாற்ற நினைத்தவள் தன் தாளில் தப்பை எழுதமாட்டாள். சென்னம்மா தனக்குத் தெரிந்ததைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள், நம்பியதையே எழுதியும் இருந்தாள். வேலை உத்தரவு வந்த அன்று முதலில் வீட்டுக்கு வந்து இனிப்பு கொடுத்ததும் அவள்தான். ஊர் முழுக்க டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்த பிறகும் அவள் மட்டும் லதா என்றே கூப்பிட்டாள். பிரேமலதாவுக்கு அந்தக் குரல் கேட்டாலே முகம் வெளுக்கும்.

அடுத்த பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது சென்னம்மா நோட்டோடு ஊர்க்கோடி மையத்துக்கு வந்தாள். நானும் அன்று அங்கே இருந்தேன்.

"இப்ப நீ சொல்லிக் குடு லதா. அந்த முக்கோணத்துல எங்க தப்பு வுட்டேன்னே தெரியல," என்றாள்.

பிரேமலதா எழுந்து போய் மூன்று குச்சி உருவி வந்தாள். படுக்க வைத்தாள், சாய்த்தாள், ஆட்டினாள். ஒல்லி, குண்டு. சென்னம்மா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"அடேயப்பா, எவ்ளோ சுளுவு. இத எப்ப கண்டுபுடிச்ச?"

பிரேமலதா பொய் சொல்லியிருக்கலாம். சொல்லுவாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் குச்சியைப் பார்த்துக்கொண்டே, "பரீட்சைக்கு மொத நாளு," என்றாள்.

சென்னம்மா விரலை மடக்கி எதையோ எண்ணுவதுபோல் இருந்தாள்.

"பஸ்ஸுல கேட்டனே," என்றாள்.

பிரேமலதாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. சென்னம்மா மூன்று குச்சிகளையும் தன் பக்கம் இழுத்து, தானே ஒரு தரம் வைத்து, ஆட்டிப் பார்த்தாள். நோட்டில் பழைய மூன்று வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். பிறகு பக்கத்தைத் திருப்பினாள்.

"அடுத்த கணக்கு சொல்லுங்க, டீச்சர்," என்றாள்.