மூடிக்கு அடியில் ஒரு கரண்டி

தரையில் முழங்காலூன்றி, கன்னம் சிமெண்டில் உரசும் அளவுக்குக் குனிந்து, அடுப்பின் கீழே மூச்சை இழுக்கிறான் துளசிராமன். ஓர் அடுப்பு முடிந்ததும் அப்படியே நகர்ந்து அடுத்த அடுப்பு. எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்த பிறகுதான் எழுந்து லைட்டரை எடுப்பான். போன மழைக்காலத்திலிருந்து அது அவன் சட்டைப் பையில்தான் இருக்கும். வேறு யார் கையிலும் தருவதில்லை.

"இன்னா நைனா, காலங்காத்தால தரைக்கு முத்தம் குடுக்கிற? ஊட்ல பொண்டாட்டி கோச்சிக்கப் போவுது" என்பாள், பாத்திரம் கழுவும் ஜானகியம்மாள்.

"நீ சிரி ஜானகிம்மா. காஸ் மேல பறக்காது. பாம்பு மாரி கீழதான் பட்துகினு இருக்கும்."

அவள் சிரிப்பாள். ஆனால் அவன் எழுந்து நிற்கும் வரை குழாயைத் திறக்கமாட்டாள்.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றின் கேண்டீனில் என் தம்பி துளசிதான் தலைமைச் சமையல்காரன். நான் அங்கே காய் நறுக்குகிறேன். காஸை அவனைப் போல மிச்சம் பிடிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை. தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை. துவரம் பருப்பை ஊறவைக்காமல் அடுப்பில் ஏற்றமாட்டான். அண்டாவின் அடியில் ஈரம் இருந்தால் துடைத்துவிட்டுத்தான் வைப்பான். சோறு முக்கால் பதம் வந்ததும் தீயை அணைத்து, மூடியின் மேல் அம்மிக் குழவியை ஏற்றிவிடுவான்; மீதியை அந்தச் சூடே பார்த்துக்கொள்ளும். இட்லி அவித்த வெந்நீரில் புளி ஊறும். சுடர் பாத்திரத்தைத் தாண்டி எட்டிப் பார்த்தால் அவனுக்குப் பொறுக்காது. "தீ வெளிய வந்துச்சுன்னா அது நமக்கு எரியலக்கா, காத்துக்கு எரியுது" என்பான். திறந்து கிடக்கும் அண்டாவைக் கண்டால், அவிழ்ந்த வேட்டியைக் கண்டதுபோல ஓடிவந்து மூடுவான்.

அந்த மூடிதான் போன மழைக்காலத்தில் எங்களைக் கொன்றிருக்கும்.

பருப்பு அண்டாவை இறுக மூடி, தீயைச் சிறிதாக்கிவிட்டு, அவன் பால் கேனை வாங்க வாசலுக்குப் போயிருந்தான். நுரை பொங்கி வழிந்து சுடரை அணைத்துவிட்டது. காஸ் மட்டும் வந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் மிளகாய் தாளித்த நெடி. எங்களில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஜானகியம்மாள் வெந்நீர் போட அடுத்த அடுப்புக்கு லைட்டரோடு போய் நின்றாள். அப்போதுதான் அவன் உள்ளே வந்தான்.

அவன் கத்தவில்லை. குழந்தையைத் தூங்கவைக்கிற குரலில் சொன்னான்: "ஜானகிம்மா, அத்த அமுக்காத. கீழயும் போடாத. கைலயே வெச்சிகினு அப்டியே வெளிய நட. அக்கா, நீயும் போ. ஒருத்தரும் லைட்டு சுச்சாண்ட போவாதீங்க."

நடந்தோம். எங்கள் பின்னால் வால்வு திருகும் சத்தம் கேட்டது. கடைசியாக வெளியே வந்தவன் சுவரைப் பிடித்தபடி குந்தி வாந்தி எடுத்தான். நான் முதுகைத் தடவினேன். சட்டை நனைந்திருந்தது.

"நான் மூடுன மூடிதான்கா" என்றான்.

காண்டிராக்டரின் மேற்பார்வையாளர் ஜெரால்டிடம் சொன்னபோது, "ஒண்ணும் ஆவலியே, வுடுங்க" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு அவர் பயம். இந்த மாதமும் காஸ் செலவு குறையாவிட்டால் இந்தச் சமையல்கட்டையே மூடிவிட்டு, வெளியே சமைத்த சோற்றை வண்டியில் இறக்கப்போவதாக ஆலையில் சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் துளசிக்கு அடுப்பு இல்லை. எனக்கும் ஜானகியம்மாளுக்கும் வேலை இல்லை. அவன் அதையும் நினைத்துக்கொண்டுதான் தரையை முகர்கிறான். சாப்பிட உட்கார்ந்தால் பாதிச் சோற்றில் எழுந்துபோய், அணைத்த வால்வை இன்னொரு முறை அணைத்துவிட்டு வருகிறான். நான் கேட்டால், "சும்மாதான்கா" என்கிறான்.

நேற்று பருப்பு கொதிக்கத் தொடங்கியபோது ஜெரால்ட் வந்து நின்றார். அண்டாவின் விளிம்புக்கும் மூடிக்கும் நடுவே ஒரு நீளக் கரண்டி குறுக்கே கிடந்தது. அந்தச் சந்து வழியாக ஆவி போய்க்கொண்டிருந்தது; நுரை பொங்கி வழியாமல் உள்ளேயே அடங்கியது.

"இன்னா துளசி, நீயே இப்டி ஆவிய வுட்டா எப்டிப்பா? இத்தினி பேரு உன்ன நம்பிக்கினு கீறாங்க."

துளசி என்னைப் பார்த்தான். ஜானகியம்மாளைப் பார்த்தான்.

ஜெரால்ட் கரண்டியை உருவக் கை நீட்டினார். தம்பியின் இடது கை வால்வின் மேல் இருந்தது. வலது கை மெல்ல வந்து கரண்டிக் காம்பின் மேல் படிந்தது. ஆவி தள்ளத் தள்ள மூடி கரண்டியின் மேல் டக் டக்கென்று தட்டிக்கொண்டே இருந்தது. அவன் கையை எடுக்கவில்லை.