வெள்ளிமலையில் ஒன்றரை மணி நேரம் புதராக இருந்தேன்

சென்ற டிசம்பரில், வெள்ளிமலையைத் தாண்டி ஒரு பாறைச் சரிவில் குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் ஆறடி தூரத்தில் மஞ்சள்தொண்டைச் சின்னான். நம் ஊர்க் கொண்டைக்குருவியின் உறவுக்காரப் பறவை இது. தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளில் மட்டும், அதுவும் விருப்பப்பட்டால் மட்டும் தென்படும். கேமரா பைக்குள் இருந்தது, பையின் ஜிப் சிக்கிக்கொண்டது, பறவை போய்விட்டது.

எங்கள் பறவை பார்ப்போர் வாட்ஸாப் குழுவில் அறுபத்து மூன்று பேர். செய்தியைச் சொன்னேன். "படம்?" என்றார் பட்டியல் பொறுப்பாளர். இல்லை என்றேன். நான் பார்த்தது தோட்டத்துக்குத் தோட்டம் திரியும் வெண்புருவச் சின்னானாக இருக்கும் என்று முடிவு செய்து, பட்டியலில் 'உறுதியாகவில்லை' என்று எழுதினார்கள். அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அன்று மாலையே அதற்குத் 'தணிகாசலச் சின்னான்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். தணிகாசலம் என்பது நான். தணிகாசலச் சின்னான் என்பது ஒரே ஒருவர் கண்ணுக்கு மட்டும் தெரியும் பறவை. மூன்று மாதம் யாருக்காவது ஏதாவது தெரியவில்லை என்றால் இந்தப் பெயர்தான். வீட்டுச் சாவி காணோம் என்றால்கூட.

ஆகவே மார்ச் மாத முதல் சனிக்கிழமை படம் எடுத்தே தீர்வது என்று கிளம்பினேன். மார்ச்சில் மலை காய்ந்துவிடும், பறவைகள் சுனைகளைத் தேடி வரும். இதே திட்டம் உள்ளவர்கள் இந்த மாதத்தையே வைத்துக்கொள்ளுங்கள்.

இம்முறை என்னோடு ஓர் இலைச் சட்டையும் வந்தது. உச்சி முதல் கணுக்கால் வரை துணி இலைகள் தொங்கும் முழு அங்கி. இணையத்தில் வாங்கினேன், ரூ. 2,850. மேலை நாட்டு வேட்டைக்காரர்களுக்காகத் தயாரானது. பத்தடி தூரத்தில் நின்றாலும் மான் உங்களைக் கண்டுகொள்ளாது என்று பெட்டியில் எழுதியிருந்தது. நம் நாட்டில் வேட்டைக்குத் தடை என்பதால் மான்களை விசாரிக்க வழியில்லை. கூடவே வந்த குறிப்புத்தாளில் ஐந்தாவது விதி: 'அந்தந்த இடத்தில் கிடைக்கும் பச்சைத் தழைகளையும் அங்கியில் செருகிக்கொள்ளவும்.' இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விழுப்புரத்தில் காலை 4.50க்குப் பேருந்து. கள்ளக்குறிச்சிக்கு 75 கிலோமீட்டர், கட்டணம் 70 ரூபாய், 6.45க்கு இறங்கினேன். நிலையத்துக்கு எதிரே பொங்கல் வடை 45 ரூபாய். வடைக்காக ஒரு முறையும் சட்னிக்காக ஒரு முறையும் போகலாம். 7.20க்கு வெள்ளிமலைப் பேருந்து. வடக்கனந்தல் தாண்டும்வரை கரும்பும் மரவள்ளியும். பிறகு மலைப்பாதை தொடங்கியதும் காற்று மாறியது. கொண்டை ஊசி வளைவுகளில் ஜன்னலோரம் உட்காருங்கள். வயிறு பலவீனமானவர்களும் அங்கேயே உட்காருங்கள், காரணம் வேறு.

நடத்துநர் என் சாக்குப்பையைத் திறந்து பார்த்தார்.

"இன்னாங்க இது, தழையா? ஆட்டுக்கா?"

"சட்டைங்க."

அவர் ஒரு கொத்தை இழுத்துப் பார்த்தார். "இத்த எங்க போட்டுக்கினு போவீங்க, கல்யாணத்துக்கா?" பிறகு 38 ரூபாய் டிக்கெட்டோடு 10 ரூபாய் லக்கேஜும் போட்டார். சட்டைக்கு லக்கேஜ் கொடுத்த முதல் பயணி நான் என்றே நினைக்கிறேன்.

9.05க்கு வெள்ளிமலை. அங்கிருந்து சரிவுக்கு ஆறு கிலோமீட்டர், ஜீப் மட்டுமே போகும். போக வர, காத்திருக்கவும் சேர்த்து 800 ரூபாய். ஓட்டுநர் அந்தோணிக்கு நாற்பது வயதிருக்கும். என் திட்டம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"சார், இன்னாத்துக்கு ஒளிஞ்சிக்கணும்? இங்க உங்கள யாரும் தேடலியே."

பறவைக்குத் தெரியக்கூடாது என்றேன்.

"ஆடு மேய்க்கிறவங்க, வெறவு எடுக்கிறவங்க எல்லாம் அங்கதான் சுத்திக்கினு கீறாங்க. அவங்களுக்குப் பயப்படாத குருவி உங்களுக்கு மட்டும் பயப்படுதுன்னா, அது உங்க மேல ஏதோ கோவம் சார்."

அந்தோணியைப் பாதையிலேயே நிறுத்திவிட்டு மேலே ஏறினேன். அது காப்புக்காடு அல்ல, பட்டா நிலம். உரிமையாளரிடம் போனிலேயே கேட்டிருந்தேன். நீங்களும் கேளுங்கள்.

9.50க்கு அங்கியை மாட்டினேன். சுனை பன்னிரண்டு மீட்டர் தூரத்தில், ஒரு அண்டா அளவு தண்ணீரோடு. ஐந்தாவது விதிப்படி பாறை இடுக்கில் இருந்த இச்சி மரத்தில் நல்ல தளிராகப் பார்த்து ஒடித்து உடம்பெங்கும் செருகினேன். பழுத்த பழங்களோடு இருந்த அழகான கொப்பு ஒன்றைத் தலைக்கு வைத்தேன். கேமராவை முக்காலியில் சுனையை நோக்கித் திருப்பி, அதையும் தழையால் மூடி, அசையாமல் உட்கார்ந்தேன். அந்த நிலையில் என் மனைவி வந்திருந்தாலும் தாண்டித்தான் போயிருப்பாள்.

முக்கால் மணி நேரம் எறும்புகள் மட்டும் வந்தன. அவற்றுக்கு என்னைக் கண்டுபிடிப்பதில் எந்தச் சிரமமும் இருக்கவில்லை.

10.55க்கு அந்தக் குரல் கேட்டது. டிசம்பரில் கேட்ட அதே குரல்! என் இதயம் அடித்த அடியில் துணி இலைகள் ஆடியிருக்க வேண்டும். அதே நேரத்தில் பின்னால் மணிச் சத்தம். திரும்பவில்லை. திரும்பத் தேவையும் இருக்கவில்லை, ஏனென்றால் அடுத்த நிமிடம் என் இடது தோளை ஒரு வெள்ளாடு தின்றுகொண்டிருந்தது.

பதினான்கு ஆடுகள். அங்கியின் ஓரத்தில் இரண்டு ஏறி நின்றுகொண்டன. ஒன்று முக்காலியைச் சாய்த்து, கேமராவின் மேல் வைத்திருந்த தழையை உருவிக்கொண்டது. நான் மூச்சுக்குள் "ச்சூ, ச்சூ" என்றேன். புதர் பேசுவதை ஆடுகள் பொருட்படுத்தவில்லை.

பிறகு ஒரு பெண் குரல்.

"ஏங்க, எல்லாத் தழையையும் வுட்டுட்டு இச்சித் தழையையா கட்டிக்குவாங்க? ஆடு சும்மா வுடுமா?"

"என்னைத் தெரிகிறதா?" என்றேன் அசையாமல்.

"மேல ஏறும்போதே பாத்துட்டேன். செடியில கறுப்பு ஷூ காய்க்குமா?"

அவர் பெயர் சின்னப்பொண்ணு என்பதைப் பிறகு கேட்டுக்கொண்டேன். அப்போது நான் கேட்டது ஒன்றுதான்: கழுத்தில் மஞ்சளாக ஒரு குருவி, சுனைப் பக்கம் தெரிகிறதா?

"மஞ்சக் கழுத்தா? சொனையாண்ட இல்ல. உங்க தலமேல குந்திக்கினு கீது."

அப்போதுதான் உணர்ந்தேன். உச்சந்தலையில் ஒரு தீப்பெட்டி அளவு கனம். கொப்பு லேசாக ஆடியது. இச்சிப் பழம் ஒன்று நெற்றியில் பட்டு உருண்டது. மூன்று மாதம் தேடிய பறவை, இந்த மலையிலேயே என்னால் பார்க்க முடியாத ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது!

கேமரா ஆட்டுக்குக் கீழே. என் போன் அங்கிக்குள், கையை எடுத்தால் பறவை பறந்துவிடும்.

"உங்ககிட்ட போன் இருக்கா? ஒரே ஒரு படம். கெஞ்சிக் கேக்கிறேன்."

"ஜாஸ்தி அசையாதீங்க. எடுக்கிறேன்."

க்ளிக் சத்தம் கேட்டது. "அய்ய, என் மூஞ்சி வந்துச்சி." மறுபடி ஒரு க்ளிக். "இப்ப ஆடு." அந்த ஆட்டைத்தான் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். கொம்பு முறிந்த கிடா ஒன்று, தோளை முடித்துவிட்டுத் தலைக் கொப்பை அண்ணாந்து பார்த்தது. முன்கால்களைத் தூக்கி என் மார்பில் வைத்தது. அதன் மூச்சு என் முகத்தில் பட்டது.

"சீக்கிரம்!"

"கத்தாதீங்க, நகந்துக்கப் போவுது. ஆங். இந்தா."

மூன்றாவது க்ளிக். கிடா கொப்பைக் கவ்வி இழுத்தது. தலைக்கு மேல் விர்ரென்று ஒரு சத்தம். நிமிர்ந்தபோது பாறைக்கு அப்பால் ஒரு நிழல்கூட இல்லை.

படத்தைப் பார்த்தேன். மஞ்சள் கழுத்து, அலகில் ஒரு பழம், அத்தனையும் துல்லியம்! நான் குதித்த குதியில் ஆடுகள் சிதறி ஓடின. பேசும் புதருக்கு அஞ்சாதவை, குதிக்கும் புதருக்கு அஞ்சின.

"இந்தக் குருவிக்கா இவ்ளோ?" என்றார் சின்னப்பொண்ணு. "தெனம் வருது. நான் சொனையில கேவுரு கூழு தூக்கைக் கழுவுவேன், அது பக்கத்துலயே மேஞ்சுக்கினு கெடக்கும்."

படத்தை என் போனுக்கு அனுப்பி வைத்தார். அவர் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். "போட்டுக்கங்க, ஆட்டப் போடாதீங்க, கண்ணு பட்டுடும்" என்றார். ஆகவே இங்கே ஆட்டின் படம் இல்லை.

பிற்பகல் 1.40க்கு வெள்ளிமலைப் பேருந்து நிறுத்தத்தில் சிக்னல் கிடைத்ததும் குழுவில் போட்டேன். நான்கு நிமிடம் கழித்துப் பட்டியல் பொறுப்பாளர்: 'மஞ்சள்தொண்டைச் சின்னானேதான். வாழ்த்துகள். படம் எடுத்தது யார்?'

சின்னப்பொண்ணு என்று எழுதினேன்.

'நீங்கள் எங்கே இருந்தீர்கள்?'

'பறவைக்கு நேர் கீழே.'

'கீழே புதர்தானே இருக்கிறது?'

மற்ற அறுபத்திரண்டு பேரும் படத்தைப் பெரிதாக்கித் தேடினார்கள். ஒருவருக்கும் நான் கிடைக்கவில்லை. ஆடு தின்றது போக மிச்சமிருந்த 2,850 ரூபாய் தன் வேலையைச் செய்துவிட்டது. மாலை கள்ளக்குறிச்சி வந்து சேர்வதற்குள் பட்டியல் திருத்தப்பட்டது: 'மஞ்சள்தொண்டைச் சின்னான், வெள்ளிமலை. பார்த்தவர்: சின்னப்பொண்ணு.' தணிகாசலச் சின்னான் என்ற பெயர் ஒழிந்தது. தணிகாசலப் புதர் என்ற பெயர் பிறந்தது.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். வெள்ளிமலையிலிருந்து இறங்கக் கடைசிப் பேருந்து எப்போது என்று ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுவிடுங்கள். தண்ணீர் இரண்டு லிட்டர் வேண்டும். ராணுவச் சீருடை போன்ற துணி வேண்டாம், தேவையில்லாத கேள்விகள் வரும். எந்தத் தழையைச் செருகுவதாக இருந்தாலும் முதலில் ஆடு வளர்ப்பவரிடம் கேளுங்கள். அங்கியே இல்லாமல், தினம் சுனைக்கு வருகிறவர் அருகில் பேசாமல் உட்கார்ந்தாலே போதும் என்பதுதான் என் இன்றைய எண்ணம். அந்தோணி இதை இலவசமாகவே சொன்னார்.

மறுநாள் காலை படத்தை மீண்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது கீழ் மூலையில், இலைகளுக்கு அடியில், கறுப்பாக ஒரு ஷூ முனை! சிவப்பு வட்டம் போட்டுக் குழுவுக்கு அனுப்பினேன். அதுதான் நான் என்று எழுதினேன்.

பட்டியல் பொறுப்பாளர் உடனே பதில் போட்டார்: 'வருத்தமான காட்சி. மலைக்குப் போகிறவர்கள் பழைய செருப்பு, ஷூக்களைப் புதரில் வீசிவிட்டு வராதீர்கள்.'

ஐம்பத்தொரு பேர் அதற்குக் கைகூப்பினார்கள்.