மாமி அமத்தச் சொன்ன கீ

விடியக் கரைக்கு வர வேண்டிய என் வீட்டுக்காரரின் மீன்பிடி போட், லுஹர் தொழுகை நேரம் தாண்டியும் வரல்ல. அவர் போனும் வேலை செய்யல்ல. ஆலங்குடாவில் இன்றைக்கு அப்படியொரு காற்று.

வாசலுக்கும் குசினிக்கும் நடந்து களைத்து, கேம்பஸ் காலத்தில் விளையாடிய பழைய விண்வெளி கேமை லெப்டொப்பில் திறந்தேன். கிரகத்துக்குக் கிரகம் சரக்கு ஏற்றிப் போகும் கப்பல். அதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் பொறுமை இல்லை.

இவரின் உம்மா, என் மாமி, பின்னால் வந்து நின்றா.

"இது எப்ப போய்ச் சேரும் மகள்?"

"நாலு நாளாகும் மாமி. இந்தக் கீய அமத்தினா நேரம் வேகமா ஓடும், உடனே போய்ச் சேரும்."

"அப்ப அமத்துங்களே!"

அமத்தினேன். நட்சத்திரங்கள் கோடு கோடாக ஓடின, கப்பல் இறங்கியது. மாமி வாசலைத்தான் பார்த்தா.

"இன்னொரு கப்பலையும் கொண்டு வாங்க மகள்."

அஸர் தொழுகைக்கு முன் கரையிலிருந்து போன் வந்தது. இஞ்சின் பழுதாம். வேறொரு போட்டில் கட்டி இழுத்துக் கரை சேர்த்துவிட்டார்களாம். அல்ஹம்துலில்லாஹ்.

வீடு வந்து சோறு தின்னும்போது நான் கதையைச் சொல்ல, இவர் கேட்டார்: "நான் அங்க இஞ்சினோட மல்லுக்கட்ட, நீ இங்க கேம் விளையாடினியா?"

"நானும்தான் விளையாடினேன்" என்றா மாமி.

இப்போ மாமிக்குக் கேமில் தனிக் கப்பல் வேணுமாம். நல்ல பேர் இருந்தா சொல்லுங்க.