தாவூது சார் மலையில் சொல்லாமல் விட்ட சொல்

தாவூது சார் காலமான செய்தி எனக்குத் தொலைபேசியில் வந்தது புதன்கிழமை மாலை, விளக்கு வைத்த பிறகு. மறுநாள் செஞ்சிக் கடைத்தெருவில் ஒட்டியிருந்த சுவரொட்டியிலோ மறைந்த நாள் வியாழன் என்று இருந்தது. பிழையைத் திருத்தச் சொல்ல அவர் மகனிடம் போனேன். "பொழுது சாஞ்சு மஃரிப் தொழுகைக்கு அப்புறம்னா எங்க கணக்குல மறுநாள் பொறந்துடும், வியாழன் சார். அத்தா இருந்திருந்தா இதுக்கே உங்களோட ஒரு பொழுது சண்டை போட்டிருப்பாரு" என்றார்.

அவரிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். நம் பள்ளியில் அவர் ஆங்கிலம், நான் கணிதம். 'ஸ்டெப்' என்ற ஒரே சொல்லை ஒரு வாரம் நடத்துவார். பிள்ளைகள் காலை எடுத்து வைக்க வேண்டும், வாசற்படி ஏற வேண்டும், ஒதுங்கி வழிவிட வேண்டும். அரசு எடுக்கும் நடவடிக்கையும் பதவி விலகலும் அதன் பிறகே. கணக்கில் ஸ்டெப் போடாதவனுக்கு நான் மதிப்பெண் தருவதில்லை. "உங்க ஸ்டெப்புல தவறினா மார்க்கு போகும் சார், என்னுதுல பல்லு போகும்" என்பார். மாற்றாந்தாயைக் குறிக்கும் பொருளை மட்டும் ஓராண்டு விட்டுவிட்டார். அப்படியொரு தாயிடம் வளரும் பெண் முதல் வரிசையில் இருந்தாள்.

சென்ற தை மாதம், பொங்கல் கழிந்த ஞாயிறன்று, இருவரும் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை ஏறினோம். உச்சிக்கு முன்னுள்ள பிளவின் விளிம்பில், பள்ளத்துக்கு முதுகைக் காட்டியபடி, தமிழறியாத வெளியூர் இளைஞன் ஒருவன் தன்னையே படம் எடுத்துக்கொண்டிருந்தான். காற்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தது. 'ஸ்டெப் பேக்' என்று கத்த வாயெடுத்தேன். சார் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். பாறையில் மெல்ல உட்கார்ந்து, தலை சுற்றுகிறது, கை கொடு என்று ஆங்கிலத்தில் அவனைக் கேட்டார். அவன் எங்களை நோக்கி வந்தான்.

"பின்னாடி போன்னு சொல்லப் பார்த்தீங்க. அவனுக்குப் பின்னாடி இன்னா இருக்குது?" என்றார் என்னிடம். "பயந்தவன் அர்த்தம் பார்க்க மாட்டான் சார். கால் போற பக்கம் போயிடுவான்."

நடிப்பு போதும், எழுந்திருங்கள் என்றேன். முயன்றார், முடியவில்லை. "நடிப்புன்னுதான் உட்கார்ந்தேன்" என்று குரலைத் தாழ்த்தினார். "இடது கால் வரமாட்டேங்குது."

அந்த இளைஞனே அவரைத் தாங்கி இறக்கினான். பின்னால் வந்த எனக்கு, ஒவ்வொரு படியிலும் அவருடைய இடது செருப்பு பிந்தி வந்து கல்லில் உரசுவது கேட்டது. ஆடிக்குள் வலது காலும் செயலிழந்தது, பிறகு பேச்சும் நின்றது.

இப்போது யாரையும் எச்சரிக்கும் முன், அந்த ஆளின் முதுகு எந்தப் பக்கம் இருக்கிறதென்று பார்த்துக்கொள்கிறேன். அது சார் தந்தது. அந்த உரசல் ஓசையும் என்னிடம் தங்கிவிட்டது. சில நாட்களாக, வீட்டுப் படி இறங்கும்போது அது என் செருப்பிலிருந்து வருகிறதா என்று நின்று கேட்கிறேன்.